முதல் நிமிடத்துத் தண்ணீர்
நீர்த் தீயணைப்புக் கருவியையும் வாளியையும் எங்கள் ஊர்க் காலநிலையில் தயாராக வைத்திருத்தல்

சொந்தக் காணிக்குத் திரும்பியதும் முதலில் போடுவது ஒரு கொட்டில். கூரை கிடுகு. சுவர் தகரம் அல்லது தறப்பாள். அடுப்பு, படுக்கை, நெல் மூடை, மீன்வலை எல்லாம் ஒரே கூரையின் கீழ். நிரந்தர வீடு கட்டி முடியும்வரை உள்ள இந்தக் காலத்தில்தான் நெருப்பு மிக இலகுவாகப் பரவும். காய்ந்த கிடுகில் பற்றிய தீ சில நிமிடங்களில் முழுக் கொட்டிலையும் எரித்துவிடும்.

அதில் எரிவது கொட்டில் மட்டுமல்ல. 2006 இல் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனைப் பக்கங்களிலிருந்து வெளியேறி, 2015, 2016 ஆம் ஆண்டுகளில் காணி விடுவிக்கப்பட்ட பின்னர் திரும்பிய குடும்பங்கள் முகாமுக்கு முகாம் தூக்கிச் சென்று காத்த காணி உறுதியும் அடையாள அட்டையும் அந்தக் கொட்டிலுக்குள்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்களின் பிறப்புச் சான்றிதழ்களும் அப்படித்தான்.

திருகோணமலை நகரத்திலிருந்து தீயணைப்பு வாகனம் உடனே புறப்பட்டாலும், சீனக்குடா, கிண்ணியா, மூதூர் என்று கொட்டியாரக் குடாவைச் சுற்றித்தான் சம்பூருக்கு வர வேண்டும். ஆகவே முதல் நிமிடத்தில் உங்கள் கைக்கு எட்டும் தண்ணீர்தான் உங்கள் வீட்டைக் காக்கும். அந்தத் தண்ணீரை எப்படித் தயாராக வைப்பது, எப்படி வலுவாக்குவது, எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதே இப்பாடம்.

1. தண்ணீர் எப்படி நெருப்பை அணைக்கிறது?

தண்ணீர் நெருப்பின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. எரியும் பொருள் குளிர்ந்தால் தீ அடங்கும். ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான சூட்டைப்போல் ஏழு மடங்குக்கும் மேலான சூடு, அதே தண்ணீரை ஆவியாக்கத் தேவை. எனவே ஆவியாகும் தண்ணீர்தான் அதிகம் வேலை செய்கிறது. வழிந்து நிலத்தில் ஓடும் தண்ணீர் வீண்.

இதனால்தான் வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் கொட்டுவதைவிட, குவளையால் அல்லது பேணியால் அள்ளி அள்ளி, எரியும் இடத்தின் அடியில் படும்படி வீசுவது நல்லது. குழாய் இருந்தால் அதன் வாயைப் பெருவிரலால் பாதி மூடித் தூவலாக அடியுங்கள். ஒரு வாளி இரண்டு வாளியின் வேலையைச் செய்யும்.

2. தண்ணீர் உதவும் நெருப்பு, உதவாத நெருப்பு

தண்ணீர் உதவுவது: கிடுகு, விறகு, வைக்கோல், பாய், மெத்தை, துணி, கடதாசி, பொச்சு மட்டை.

தண்ணீர் ஊற்றக் கூடாதவை:

- மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல், சமையல் எண்ணெய். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். கொதிக்கும் தாச்சிக்குள் விழுந்த தண்ணீர் அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி எறியும்.
- மின்சாரம் ஓடும் வயர், சுவிட்ச், மின்பெட்டி. முதலில் பிரதான சுவிட்சை நிறுத்துங்கள். நிறுத்த முடியாவிட்டால் விலகி நில்லுங்கள்.
- காஸ் சிலிண்டர். கைக்கு எட்டுமானால் வால்வை மூடுங்கள். எட்டாவிட்டால் எல்லோரும் வெளியேறுங்கள்.

எண்ணெய் நெருப்பின் பலத்தை எங்கள் மாவட்டம் பார்த்திருக்கிறது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனக்குடாவில் ஓர் எண்ணெய்த் தாங்கி பற்றிக்கொண்டு நாட்கணக்காக எரிந்தது. பக்கத்திலேயே கடல் இருந்தது. தண்ணீர் அதிகம் இருப்பதால் மட்டும் எண்ணெய் நெருப்பு அடங்கிவிடாது.

தாச்சி பற்றினால் அடுப்பை நிறுத்தி மூடியால் மூடுங்கள். தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். நிலத்தில் சிந்திய மண்ணெண்ணெய் பற்றினால் மணலைத் தூவுங்கள், அல்லது நனைத்துப் பிழிந்த சாக்கால் மூடுங்கள். ஆகவே வாளிக்குப் பக்கத்தில் ஓர் உரப்பை உலர்ந்த மணலும் ஒரு பருத்திச் சாக்கும் எப்போதும் இருக்கட்டும்.

மண்ணெண்ணெய் நெருப்புக்குப் பெரும் காரணம் குப்பி விளக்கு. இலேசான குப்பி, தட்டுப்பட்டால் கவிழும், திரி கழன்று எண்ணெய் சிந்தும். இப்படி எரிகாயம் அடைந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, கட்டையான, கனமான, பக்கங்கள் தட்டையான, திருகும் உலோக மூடியுள்ள ஒரு விளக்கை உருவாக்கினார். அது எளிதில் கவிழாது, கவிழ்ந்தாலும் உருளாது, எண்ணெயும் சிந்தாது. இதற்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. உங்களிடம் அந்த விளக்கு இல்லாவிட்டாலும் பாடம் ஒன்றுதான்: கட்டையான, அகன்ற அடியுள்ள போத்தலைத் தெரிவு செய்யுங்கள், மூடி இறுகப் பூட்டுவதாக இருக்கட்டும், நுளம்பு வலைக்குள் விளக்கையோ நுளம்புத்திரியையோ கொண்டுபோகாதீர்கள்.

3. குளிர்நாட்டுக் கருவி, எங்கள் ஊர் வெயில்

பாடசாலை, முன்பள்ளி, கூட்டுறவுக் கடை, மீனவர் சங்கக் கட்டடம் போன்ற இடங்களில் சிவப்பு நிற நீர்த் தீயணைப்புக் கருவியைக் காண்பீர்கள். வழக்கமான அளவு 9 லீற்றர். உள்ளே தண்ணீரும், அதைத் தள்ளும் அழுத்தக் காற்றும் இருக்கும். நன்கொடையாக வந்த கருவி என்றால் அதன் ஒட்டியில் "+5 முதல் +60 வரை" என்றோ "-20 முதல் +60 வரை" என்றோ வெப்பநிலை எழுதியிருக்கலாம். இதன் பொருள் என்ன?

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். குளிர்நாடுகளில் கருவிக்குள் தண்ணீர் உறைந்தால் வால்வு அடைபடும், உருளை வெடிக்கவும் கூடும். இதைத் தடுக்க முற்காலத்தில் கல்சியம் குளோரைட்டு போன்ற உப்பைக் கலந்தார்கள். இன்று தயாரிப்பாளர்கள் அதற்கென்றே செய்த உறைதடுப்புச் சேர்மானங்களைக் கலக்கிறார்கள். "-20" என்ற ஒட்டி அப்படிக் கலந்த கருவியைக் குறிக்கும். "+5" என்றால் வெறும் தண்ணீர். உறைபனி விழும் இடத்தில் வைக்கக் கூடாது.

எங்கள் நாட்டில் நுவரெலியாவில் சில சனவரி, பெப்ரவரி காலைகளில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. திருகோணமலையில் அந்தக் கவலை இல்லை. எனவே உறைதடுப்புக்காக எதையும் நீங்கள் கலக்க வேண்டியதில்லை, கலக்கவும் கூடாது. உப்புக் கலந்தால் உருளை உள்ளிருந்து துருப்பிடிக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தையும் கூடுதலாகக் கடத்தும். வாகன ரேடியேற்றருக்கு ஊற்றும் குளிரூட்டித் திரவம் செறிவாக இருந்தால் தானே எரியக் கூடியது, குடித்தால் நஞ்சு. வெளிநாட்டிலிருந்து வந்த கருவியிலிருந்து வெளியேறிய தண்ணீரைக் குடிக்கவோ ஆடு மாட்டுக்கு வைக்கவோ வேண்டாம்.

இங்கே கருவியைக் கெடுப்பவை வேறு மூன்று: வெயில், உப்புக்காற்று, கவனிப்பின்மை.

வெயில்: தகரக் கூரைக்கு நேர் கீழே, சூடு ஏறும் உயரத்தில் கருவியைத் தொங்கவிடாதீர்கள். சூடு ஏறினால் உள்ளே அழுத்தம் ஏறும், ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். நிழலான பக்கத்தில், கைபிடி நிலத்திலிருந்து ஒரு மீற்றர் அளவில் இருக்கும்படி, வாசலுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். அடுப்பு பற்றினால் கருவியை எடுக்க நெருப்பைத் தாண்ட வேண்டிவரும்.

உப்புக்காற்று: கடற்கரையில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். உருளையின் அடி விளிம்பில்தான் துரு முதலில் பிடிக்கும். ஈர நிலத்தில் வைக்காமல் கொளுவியில் மாட்டுவது இதற்காகத்தான்.

கவனிப்பின்மை: கருவி சுவரில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. தேவைப்படும் நாளில் அழுத்தம் இருக்காது. இதற்கு மருந்து அடுத்த பகுதி.

4. மாதம் ஒருமுறை: ஐந்து பார்வை

சங்கத்தில் அல்லது பாடசாலையில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை என்று நாளும் குறித்துவிடுங்கள்.

1) அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா?
2) பாதுகாப்பு ஊசியும் அதன் முத்திரையும் அறுபடாமல் இருக்கின்றனவா?
3) குழாய் வெடித்திருக்கிறதா? அதன் வாயில் குளவி மண் கூடு கட்டியிருக்கிறதா? எங்கள் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கும்.
4) உருளையில் துரு, நெளிவு, கசிவு உண்டா?
5) முன்னால் மூடையோ சைக்கிளோ நிற்காமல், எட்டி எடுக்கக்கூடியதாக இருக்கிறதா?

பார்த்த திகதியை ஒரு மட்டையில் எழுதிக் கருவியில் கட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவரிடம் பராமரிப்புக்குக் கொடுக்க வேண்டும். ஒருமுறை சிறிது அடித்தாலும் மீள நிரப்ப வேண்டும்; மீதி இருக்கிறது என்று விட்டால் அழுத்தம் கசிந்துவிடும். துருப்பிடித்த உருளையில் காற்றடிக்க வேண்டாம். சைக்கிள் கடையில் காற்றடிப்பதும் வேண்டாம். பலமிழந்த உருளை குண்டுபோல் வெடிக்கும்.

பயன்படுத்தும் முறை: வெளியேறும் வாசல் உங்கள் முதுகுப்பக்கம் இருக்க நில்லுங்கள். ஊசியை இழுங்கள். குழாயை நெருப்பின் அடிக்கு நேராகப் பிடியுங்கள். கைபிடியை அழுத்தி, இடம் வலமாக அசையுங்கள். 9 லீற்றர் கருவி ஏறத்தாழ ஒரு நிமிடமே அடிக்கும். சுவாலையைப் பார்த்து அடித்தால் அந்த நிமிடம் வீணாகும்.

5. வாளித் தண்ணீரை வலுவாக்குதல்

பெரும்பாலான வீடுகளில் கருவி இல்லை. பரவாயில்லை. மூடியுள்ள இரண்டு வாளியும் ஒரு குவளையும் நல்ல தீயணைப்புக் கருவியே.

மெத்தையில், பொச்சில், வைக்கோலில் பிடித்த நெருப்பு மேலே அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். இரவில் மீண்டும் பற்றும். காரணம், வெறும் தண்ணீர் துளியாகத் திரண்டு மேலே வழிந்துவிடுகிறது. சவர்க்காரம் கலந்தால் துளி பரந்து நார்களுக்கிடையே ஊறும். தீயணைப்புப் படையினர் தண்ணீரில் ஈரமூட்டும் சேர்மானத்தைச் சேர்ப்பது இதே காரணத்துக்காகத்தான். நீங்களும் வீட்டில் செய்யலாம்:

- 10 லீற்றர் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் அல்லது கரைத்த சலவைத் தூள்.
- கட்டிச் சவர்க்காரம் எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு அவ்வளவு நல்லதல்ல. உவர்த் தண்ணீரில் அது கரையாமல் ஆடையாகத் திரளும்.
- மெல்லக் கலக்குங்கள். நுரை தேவையில்லை, ஊறும் தன்மைதான் தேவை. கூடுதலாக ஊற்றினால் பலன் கூடாது.
- ஒரு வாளியில் சவர்க்காரத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர் வையுங்கள். சவர்க்கார வாளியில் சிவப்புத் துணி கட்டி, குடிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இது வாளிக்கு மட்டும். அழுத்தக் கருவிக்குள் சவர்க்காரம் ஊற்றாதீர்கள். வால்வு அடைபடும், உருளை அரிக்கும். சவர்க்காரத் தண்ணீரும் தண்ணீர்தான்: எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

கடல் தண்ணீர்? வேறு தண்ணீர் இல்லாதபோது கிடுகையும் விறகையும் கடல் தண்ணீரால் அணைக்கலாம். மின்சாரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். பிளாஸ்ரிக் வாளியில் எடுங்கள். கருவிக்குள் ஒருபோதும் நிரப்ப வேண்டாம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கூரை காயும், கிணறும் வற்றும். அந்தக் காலத்தில் வாளியை இரண்டிலிருந்து நாலாக்குங்கள். மாலையில் குளித்த பின் கடைசி வாளியை நிரப்பி வைப்பதைப் பழக்கமாக்கினால், இரவில் வாளி வெறுமையாக இருக்காது.

மூடி அவசியம். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவிப் பலர் உயிரிழந்ததை மறக்க முடியாது. திறந்த வாளி நுளம்புக்குத் தொட்டில். வாரம் ஒருமுறை தண்ணீரை ஊற்றிவிட்டு, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, மீண்டும் நிரப்புங்கள். தவழும் குழந்தை தலைகீழாக விழுந்துவிடாமல் இருக்கவும் மூடி தேவை. வாளியை ஒரு மேடையில் வையுங்கள்.

6. வளவு துப்புரவாக்க நெருப்பு வைக்க வேண்டாம்

பல வருடம் ஆளில்லாமல் கிடந்த வளவு பற்றைக் காடாகியிருக்கும். நெருப்பு வைத்தால் ஒரு நாளில் வெளிக்கும் என்று தோன்றும். செய்யாதீர்கள். மண்ணிலோ பற்றையிலோ கிடக்கும் வெடிக்காத வெடிபொருள் சூட்டில் வெடிக்கலாம். கச்சான் காற்றில் அந்த நெருப்பு பக்கத்து வளவுக் கொட்டிலுக்கும் போகும்.

கண்ணிவெடி அகற்றப்பட்ட காணியா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்த பின்னரே வெட்டத் தொடங்குங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள்; வந்த வழியே திரும்பி, இடத்தை அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் (119) அறிவியுங்கள். பற்றை தானாக எரிந்துகொண்டிருந்தால் வாளியோடு உள்ளே ஓடாதீர்கள். அந்த நெருப்பை விட்டுவிட்டு, தூரத்தில் நின்று உங்கள் கூரையை நனையுங்கள்.

7. தீ பிடித்த நேரம்

- "நெருப்பு!" என்று கத்துங்கள். பிள்ளைகளும் முதியவர்களும் முதலில் வெளியே.
- இடுப்பு உயரத்துக்கு மேற்படாத சிறு நெருப்பென்றால் ஒருவர் அணைக்கட்டும், ஒருவர் தண்ணீர் கொண்டுவரட்டும், ஒருவர் 110 க்கு அழைக்கட்டும்.
- கூரையின் ஓரத்தில் மட்டும் பற்றியிருந்தால் கொக்கத்தடியால் எரியும் கிடுகை வெளிப்பக்கம் இழுத்து நிலத்தில் போட்டு அணையுங்கள். கூரை நடுவே பற்றிவிட்டால் உள்ளே நிற்க வேண்டாம். பக்கத்துக் கூரைகளை நனைப்பதே அப்போது உதவும்.
- உடுப்பில் பற்றியவர் ஓடக் கூடாது. நிலத்தில் கிடந்து உருள வேண்டும். நனைத்த சாக்கால் மூடுங்கள்.
- எரிகாயத்தின்மேல் 20 நிமிடம் சுத்தமான தண்ணீர் ஓடவிடுங்கள். பற்பசை, எண்ணெய், மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். 1990 க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.
- எதை எடுப்பதற்காகவும் திரும்பி உள்ளே போகாதீர்கள்.

இந்தக் கடைசி வரியைக் கடைப்பிடிக்க வேண்டுமானால் ஆயத்தம் இன்றே வேண்டும். காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில் இட்டு வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்து உறவினர் ஒருவருக்கும் அனுப்புங்கள். போட்டோப் பிரதி ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். அப்போது கடதாசிக்காக யாரும் நெருப்புக்குள் ஓட வேண்டியிராது.

குடும்பமாகச் செய்து பாருங்கள்

1) இன்று மாலை இரண்டு வாளியையும் மணல் உரப்பையையும் வாசலில் வைத்து, படுக்கையிலிருந்து அங்கே போக எத்தனை அடி என்று எண்ணுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நடந்து பாருங்கள். இரவில் புகைக்குள் அப்படித்தான் நடக்க வேண்டிவரும்.
2) ஒரு துண்டு பொச்சில் வெறும் தண்ணீரைத் துளியாக விடுங்கள். இன்னொரு துண்டில் சவர்க்காரத் தண்ணீரை விடுங்கள். எது முதலில் ஊறுகிறது என்று பிள்ளைகள் சொல்லட்டும்.
3) தாச்சி பற்றினால், மின்வயர் பற்றினால், பாய் பற்றினால் எதை எடுப்பது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். விடை: மூடி, பிரதான சுவிட்ச், வாளி.
4) அயல் வீட்டாரோடு பேசி, யார் வீட்டில் கொக்கத்தடி, யார் வீட்டில் நீர்ப்பம்பி என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வாளிகள் எங்கே இருக்கின்றன என்று அவர்களுக்கும் காட்டிவிடுங்கள்.